ஆளு பத்தல

எஞ்சினை நிறுத்திய பிறகும் படகு நிற்கவில்லை என்பதை முதலில் கவனித்தவள் கற்பகம்தான்.

விசிறியில் பாசி சுற்றிக்கொண்டதென்று படகோட்டி வெற்றிச்செல்வன் எஞ்சினை அணைத்துத் தூக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, கத்தியால் அந்தப் பச்சைப் பாசியைக் கொத்துக் கொத்தாக அறுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பாசி போட்ட இடத்திலேயே நின்றது. படகு மட்டும் அதை விட்டு விலகித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நீரோட்டம் இழுத்துப் போகிறதென்றால் பாசியும் கூடவே அல்லவா வர வேண்டும்? ஐந்தாறு பச்சைக் கொத்துகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கிச் சிறுத்துப் போவதைக் கற்பகம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாங்க, எஞ்சின்தான் நின்னுடுச்சே. போட்டு போய்கினே கீது?" என்றாள்.

"காத்தும்மா. ஐப்பசி வந்தா வடக்காத்து இப்படித்தான் தள்ளும்," என்றார் வெற்றிச்செல்வன், தலையைத் தூக்காமல்.

கரையில் நின்ற சவுக்கு மரங்களில் ஒரு ஊசிகூட ஆடவில்லை.

ஆரணியில் தீபாவளி வியாபாரம் முடிந்து, கந்தசஷ்டியும் முடிந்து, தறிகளெல்லாம் நான்கு நாள் ஓய்ந்து கிடந்த நேரம். வருஷம் முழுக்கப் பட்டுக்கடையே கதி என்று இருக்கும் மாணிக்கவேல் இந்தத் தடவை வீட்டாரை எங்காவது அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் ஆகாஷ்தான் போனில் தேடி இதைக் கண்டுபிடித்தான். கடப்பாக்கத்தில் படகேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாகவே தெற்கே மரக்காணம்வரை மூன்று மணி நேரப் பயணம், வழியெல்லாம் பறவை பார்க்கலாம் என்று. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வந்தவாசியில் இட்லி தின்று, பறவை பார்க்கும் ஆசையில் பன்னிரண்டு வயது அகல்யா வண்டியில் தூங்காமலே வந்து, பதினொன்றரைக்குப் படகேறிவிட்டார்கள். டிரைவர் பாலு காரை எடுத்துக்கொண்டு ரோடு வழியாக மரக்காணம் பாலத்துக்குப் போய்விட்டான். அங்கே காத்திருப்பான்.

தேவகியை அழைத்து வருவதாக முதலில் பேச்சே இல்லை. மாணிக்கவேலின் தங்கை. கல்யாணமான ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், பதினாறு வருஷமாகத் திரும்பிப் போகவில்லை. வாசல் தெளிப்பது, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது, ரேஷனில் நிற்பது, மாடியில் காயும் துணியை மழைக்கு முன் எடுப்பது என்று யாரும் சொல்லாமலே அவள் கைக்கு வந்து சேர்ந்த வேலைகள் ஏராளம். அந்த வீட்டில் 'யாராவது போய்ப் பாருங்க' என்றால் தேவகி போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அத்தை வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று அகல்யா ஒற்றைக்காலில் நின்றாள். பையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும்தான் என்று கற்பகமும் சரியென்றாள். இப்போது சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, படகின் நடுப்பலகையில், அகல்யாவின் தலையைத் தோளில் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள் தேவகி. முகம் மலர்ந்திருந்தது. அவள் கடைசியாக ஊரைவிட்டு வெளியே வந்தது எப்போது என்று கற்பகத்துக்கு நினைவில்லை.

பாசியை அறுத்து முடித்தும் எஞ்சின் கிளம்பவில்லை. கயிற்றைச் சுண்டிச் சுண்டி வெற்றிச்செல்வனுக்கு வியர்த்துவிட்டது. அவர் சுண்டிய நேரமெல்லாம் படகு ஒரே சீராக, ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், போய்க்கொண்டே இருந்தது.

"இது யார் வெட்டுன கால்வாய் அங்கிள்?" என்று கேட்டான் ஆகாஷ். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளக்காரன் காலத்துது தம்பி. தாது வருஷப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுல கஞ்சிக்கு வந்த ஜனங்கள வச்சி வெட்டுனதும்பாங்க. வெட்டிகினு இருக்கும்போதே வுழுந்தா, அதே மண்ணப் போட்டு மூடிட்டு வேற ஆள எறக்குவாங்களாம். எங்க அப்பாரு சொல்லும். அப்பல்லாம் எஞ்சின் ஏது? கயிறு கட்டி, கரையில நடந்து இழுத்துகினு போவாங்களாம்…"

"பொண்ணு கீது. அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?" என்றார் மாணிக்கவேல்.

பேச்சு நின்ற பிறகுதான் கற்பகத்துக்கு அந்த வாடை மூக்கில் ஏறியது. கால்வாய்ச் சேற்றின் உப்பு வீச்சமும் அழுகிய நண்டின் நாற்றமும் காலையிலிருந்து இருந்ததுதான். இது வேறு. இதை அவள் போன வாரம்தான் முகர்ந்திருந்தாள். சஷ்டி விரதத்தின் ஆறாம் நாள், கோயில் வரிசையில், முன்னும் பின்னும் நெருக்கிக்கொண்டு நின்ற பெண்கள் வாயைத் திறந்தால் வருமே, காய்ந்த நாக்கும் வெறும் வயிறும் சேர்ந்த ஒரு புளித்த வாடை, அது. ஆனால் இது பத்துப் பேருடையதல்ல. கிழக்குக் கரை நெடுக, பனைமரங்களுக்கு இடையில் யாருமே இல்லாத அந்த ஒற்றையடிப் பாதையிலிருந்து, கூட்டம் கூட்டமாக மூச்சு விடுவதுபோல் வந்தது. கூடவே ஒரு சத்தம். சேற்றில் காலை வைத்து எடுக்கும் சத்தம். சொதக். சொதக். எல்லாக் காலும் ஒன்றாக.

பாதையோரத்து உமரிச் செடிகள், படகுக்குக் கொஞ்சம் முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன.

தூறல் பிடித்தது. மெல்லிய ஐப்பசித் தூறல், மேலே விழுவதே தெரியாத மாவுத் தூறல். அகல்யாவின் தலைக்கு முந்தானையைப் போடப் போன கற்பகத்தின் கை பாதியில் நின்றுவிட்டது. படகின் மூக்கிலிருந்து கரைவரைக்கும், அந்தரத்தில், மழைத்துளிகள் ஒரே கோடாகத் தொங்கிக்கொண்டிருந்தன. விழவில்லை. தெருவில் பாவு நூல் நீட்டும்போது பனி படிந்த இழை விறைத்து நிற்குமே, அப்படி. அசைந்தால் அதிர்ந்தன. ஒரு துளி வழிந்து அடுத்த துளியோடு சேர்ந்து, கோட்டின் நடுவில் கனத்து, சொட்டியது.

"ஏங்க," என்றாள் கற்பகம். கணவரின் தொடையைத் தட்டிக் கையைக் காட்டினாள்.

மாணிக்கவேல் பார்த்தார். ஆகாஷும் பார்த்தான். அவன் வெற்றிச்செல்வனின் கத்தியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் ஊர்ந்துபோய், அந்தக் கோட்டின் குறுக்கே ஓங்கி வெட்டினான். கத்தி காற்றில் வீசியதுபோல் தடையில்லாமல் போனது. துளிகள் சிதறின. அவன் கத்தியைக் கீழே வைப்பதற்குள் மறுபடி ஒவ்வொன்றாக வந்து கோட்டில் உட்கார்ந்துகொண்டன.

வெற்றிச்செல்வன் மூங்கில் கழியை எடுத்துக் கால்வாயின் அடியில் ஊன்றினார். படகு நிற்கவில்லை. கழி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சேற்றில் குத்திட்டு நின்றுபோய், பாசியைப் போலவே பின்னால் போயிற்று.

"பயப்படாதீங்க சார். கரையோரமா வருது பாருங்க, அந்தப் பனமரத்துல இழுத்துக் கட்டிட்டன்னா நின்னுடும்," என்று சொல்லிவிட்டு, படகின் கட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கரைக்குத் தாவினார்.

இரண்டு காலும் சேற்றில் பட்டன. கயிறு கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவர் பனைமரத்தைப் பார்க்கவில்லை. இவர்களையும் பார்க்கவில்லை. எதையோ மறந்துவிட்டு யோசிப்பவர்போல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலது கையைத் தூக்கி வலது தோளுக்கு மேலே எதையோ பிடித்தார். முதுகு வளைந்தது. நடக்க ஆரம்பித்தார்.

படகு வேகமெடுத்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ற? யோவ், வெற்றி!"

மாணிக்கவேல் தொண்டை கிழியக் கத்தினார். தூரத்தில் நின்ற ஒரு கொக்கு எழுந்து பறந்தது. படகுக்குப் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. அவருடைய கால்கள் அந்தச் சொதக் சத்தத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தன.

கரையில் கால் வைக்கக் கூடாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஐந்து பேரும் படகின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து ஒண்டிக்கொண்டார்கள். மேற்குக் கரைக்கு நீந்திவிடலாமா என்றான் ஆகாஷ். அவனைத் தவிர யாருக்கும் நீச்சல் தெரியாது. அந்தக் கரையிலும் செடிகள் மடங்கி நிமிர்ந்துகொண்டிருப்பதைத் தேவகிதான் காட்டினாள். போனில் டவர் இல்லை. எஞ்சின் கயிற்றை ஆகாஷ் சுண்டினான், மாணிக்கவேல் சுண்டினார், உள்ளங்கை தோலுரியும்வரை சுண்டினார்கள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. படகு தளர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, இழுப்பவர்கள் களைத்துவிட்டதுபோல. கடைசியில் கால்வாயின் நடுவில் நின்றேவிட்டது.

நின்றதும், பனைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத, எச்சில் வற்றிய குரல்.

"ஆளு பத்தல."

"உப்பளத்து ஆளுங்க யாரோ பேசறாங்க," என்றார் மாணிக்கவேல் வேகமாக. "ஏய்யா! ஏங்க! இங்க வாங்க! போட்டு மாட்டிகிச்சிங்க!"

படகு மூக்கைத் திருப்பிக் கரையை நோக்கி நகர ஆரம்பித்தது. மெதுவாக, கூப்பிட்ட இடத்துக்குப் போகும் மாடு மாதிரி. அந்த வாடை கண்ணை எரித்தது.

"ஆளு பத்தல."

இந்தத் தடவை படகுக்குள்ளேயே கேட்டது. கற்பகத்தின் காதோரம். கன்னத்தில் மூச்சுப் பட்டது.

"அம்மா," என்றாள் அகல்யா. அழவில்லை. வியப்பாகச் சொன்னாள். "யாரோ என் கையப் புடிச்சிகினு கீறாங்க."

இடது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே, மாநிறத் தோலில், ஐந்து பள்ளங்கள். சதை உள்ளே அமுங்கி, அமுங்கிய இடம் வெளுத்து. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிடி இறுகியது. அகல்யாவின் உடம்பு பலகையில் அரையடி கரைப்பக்கமாக வழுக்கியது.

கற்பகம் அவளைக் கட்டிக்கொண்டாள். தேவகியும் மறுபக்கம் கட்டிக்கொண்டாள். இருவர் பிடித்தும் பிள்ளை வழுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மாணிக்கவேல் எழுந்தார். "நான் எறங்கறன். நான் எறங்கிப் பாக்கறன்."

கற்பகம் ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டே, மறு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது. "நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். எவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்தார் என்பதைக் கற்பகம் கவனித்தாள்.

கரை பதினைந்தடியில் இருந்தது. பத்தடியில். ஆகாஷ் தேவகியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தண்ணீரைப் பார்த்தான். மாணிக்கவேல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்பகத்தின் மனசுக்குள் அந்த எண்ணம் புதிதாக வந்ததாகத் தோன்றவில்லை. எப்போதோ முடிவாகி, சொல்ல வேளை பார்த்து உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது.

"தேவகி," என்றாள். வாசலில் பால்காரன் வந்திருக்கிறான் போய்ப் பார் என்று சொல்லும் அதே குரல். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கொஞ்சம் எறங்கிப் பாரேன்."

தேவகிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது.

"நானா அண்ணி?"

"சும்மா எறங்கி இன்னான்னு கேளு. ஒடனே ஏறிக்கலாம்."

"அவரு எறங்குனாரே…" படகோட்டி நின்ற பக்கம் கை காட்டினாள். பிறகு மாணிக்கவேலைப் பார்த்தாள். "ண்ணா?"

மாணிக்கவேல் தலையைத் தூக்கவில்லை.

"ண்ணா, நீ சொல்லு. நான் போவணுமா?"

அவர் உள்ளங்கையில் உரிந்திருந்த தோலை மெதுவாகப் பிய்த்தார்.

"எனக்கு பயமா கீது அண்ணி. நான் போவல. நான் போமாட்டன்." பதினாறு வருஷத்தில் அந்த வீட்டாரிடம் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'மாட்டேன்'. சொல்லிவிட்டு அகல்யாவின் தோளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கற்பகம் மகளைக் கட்டியிருந்த தன் கையை எடுத்தாள். இரண்டு கையையும். அகல்யா ஒரே வழுக்கலில் படகின் ஓரத்துக்குப் போனாள். அவளைப் பிடித்துக்கொண்டிருந்த தேவகியும் கூடவே இழுபட்டுப் போய் விளிம்பில் முட்டிக்கொண்டாள்.

"அப்ப புள்ளய எறக்கட்டுமா? சொல்லு. நீயே சொல்லு."

தேவகி அழுதுகொண்டே அகல்யாவின் நெற்றியில் வாயை வைத்தாள். சாப்பாட்டுப் பை அவள் காலடியில் கிடந்தது. அதை எடுத்து, ஈரம் படாமல், கற்பகத்தின் மடியில் வைத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். கரை காலுக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இறங்கும்போது, "ஜல்தியா வந்து ஏத்திக்கோங்கண்ணி," என்றாள்.

ஒரு கால். மறு கால். சேறு கணுக்காலை மூடியது. திரும்பிப் பார்க்கத்தான் தலையைத் திருப்பினாள், பாதி திருப்பத்தில் முகம் வெறுமையாகிவிட்டது. கை மேலே போயிற்று. ரவிக்கையின் தோள் துணி, ஒன்றுமில்லாத ஒன்றின் கனத்தில், சதைக்குள் அமுங்கியது.

படகு ஒரு குலுக்கலோடு கிளம்பியது. முன்னைவிட வேகமாக.

அகல்யாவின் கையிலிருந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. கடைசியில் ஐந்து சிவந்த கோடுகள் மட்டும் மிஞ்சின. கற்பகம் அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டிக்கொள்ளப் போனபோது பிள்ளை தோளை இழுத்துக்கொண்டது.

"வழுக்கி வுழுந்துட்டான்னு சொல்லிக்கலாம்," என்றார் மாணிக்கவேல், கொஞ்ச தூரம் போனதும்.

"பாசி," என்றாள் கற்பகம். "பாசியில கால வச்சிட்டா."

"படகுக்காரனும் அவள புடிக்கப் போயி…"

"ஆமா. அவரும் போயிட்டாரு."

ஆகாஷ் தலையாட்டினான். மூன்று பேருக்கும் கதை அவ்வளவு சுலபமாகப் பொருந்திவிட்டது. திங்கட்கிழமை தறி ஓட்டினால் தார் யார் சுற்றுவது என்று கற்பகத்துக்கு ஒரு எண்ணம் வந்தது. வந்ததற்காக அவள் வெட்கப்படவில்லை. அழுகையும் வெட்கமும் வீட்டுக்குப் போன பிறகு வரும் என்று நினைத்தாள்.

அகல்யா மட்டும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை திரும்பிப் பாக்கவே மாட்டுது," என்றாள்.

பாலம் தெரிந்தது.

மரக்காணம் பாலம். பஸ் போகிற சத்தம், ஹாரன், யாரோ சிரிக்கிற சத்தம். கற்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள். முருகா, முருகா என்றாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான் பாலு. அவர்கள் கார் டிரைவர் பாலு. நீலச் சட்டை. மாணிக்கவேலின் போன் அடித்தது.

"சார், நான் பாலத்து மேலதான் நிக்கறன். ரெண்டரைக்கே வந்துடுவோம்னீங்க. இன்னும் காணமே?"

"பாலு! கீழ பாரு! கீழ! ஒன் காலுக்குக் கீழதான் கீறோம்!"

பாலு எட்டிப் பார்த்தான். நேராகப் பார்த்தான். கற்பகம் இரண்டு கையையும் வீசினாள். அவன் மீசையில் டீ நுரை ஒட்டியிருந்ததுகூட அவளுக்குத் தெரிந்தது.

"கீழயா? கீழ இன்னா சார் கீது. வெறும் சேறு. தண்ணியே இல்லியே."

"பாலு! டேய்! பாலு!"

"சார்? கேக்கல சார். டவர் இல்ல போல…"

அவன் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கசக்கிக் கீழே எறிந்தான். நேராகக் கற்பகத்தின் முகத்தை நோக்கி விழுந்தது. அவள் அனிச்சையாகக் கையை நீட்டினாள். அது வந்து சேரவில்லை. விழுந்துகொண்டிருந்தது, இல்லாமல் போயிற்று.

பாலத்தின் நிழல் தலைமேல் கடந்தது. குளிர்ந்த இருட்டு. சொதக் சொதக் என்று எதிரொலி. பிறகு வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தார்கள். பாலம் இல்லை.

உப்பளம் இல்லை. கரண்டுக் கம்பம் இல்லை. செல்போன் டவர் இல்லை. வானம் அதே சாம்பல் நிறம், கால்வாய் மட்டும் நூல் பிடித்ததுபோல் நேராகத் தெற்கே. மரக்காணத்தோடு கால்வாய் முடிந்துவிடும் என்று காலையில் வெற்றிச்செல்வன் சொல்லியிருந்தார்.

இப்போது அவர்கள் தெரிந்தார்கள்.

முதலில் முதுகெலும்புகள். பிறகு விலாக்கள். பிறகு, தண்ணீரில் சாயம் இறங்குவதுபோல், மெல்ல மெல்ல, முழு உடம்புகள். கரை நெடுக ஒரு வரிசை. தோளில் கயிறு. நாற்பது பேர், ஐம்பது பேர். இடுப்பில் துணி என்று எதுவோ. அவர்களுக்குப் பின்னால், சட்டை போட்ட முதுகு, வெற்றிச்செல்வன். அதற்கும் பின்னால், கடைசியாக, தேவகி.

"அத்தை!" என்று கூப்பிட்டாள் அகல்யா.

தேவகி திரும்பினாள்.

இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கன்னம் ஒட்டிப் பல் துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தெலும்புக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாத முகம். அவள் அகல்யாவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்க்கவில்லை. அவள் கண் கற்பகத்தின் மடிமேல் இருந்தது. சாப்பாட்டுப் பைமேல்.

கற்பகம் பையைத் தூக்கி எறிந்தாள். கரையில் விழுந்து புளிச்சோறு சேற்றில் சிதறியது. யாரும் நிற்கவில்லை. வரிசை அதை மிதித்துக்கொண்டு போயிற்று. கடைசியாக தேவகியின் காலும்.

முன்னால் வேறொரு சத்தம். தொப். தொப். ஆயிரம் மண்வெட்டிகள்.

கால்வாய் முடியும் இடம். அதற்கப்பால் தண்ணீர் இல்லை. செம்மண்ணும் களியுமாக வெட்டிய பள்ளம். பள்ளம் நிறைய ஜனம். குனிந்தவர்கள், சுமப்பவர்கள், சுமந்தபடியே உட்கார்ந்துவிட்டவர்கள். விழுந்த ஒருவன்மேல் மண் விழுந்துகொண்டிருந்தது. கொட்டுகிறவன் கீழே பார்க்கவில்லை.

இழுத்தவர்கள் நின்றார்கள். கயிறு தளர்ந்தது. படகு சேற்றில் முட்டி நின்றது.

மண்வெட்டிகள் ஓய்ந்தன. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

மாணிக்கவேல் பலகையில் பின்னுக்கு நகர்ந்தார். ஆகாஷ் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கற்பகம் அகல்யாவின் கண்ணைக் கையால் பொத்தினாள். விரலிடுக்கில் இமை படபடத்தது.

படகின் மூக்குக்கு நேராக, கரையில், வரிசையாக நான்கு கூடைகள் வைக்கப்பட்டிருந்தன. மண் சுமக்கிற பனையோலைக் கூடைகள். மூன்று பழையவை, விளிம்பு தேய்ந்து, மண் படிந்து. நான்காவது அவற்றில் பாதி அளவுதான் இருக்கும். அதை இப்போதுதான் பின்னி முடித்திருந்தார்கள். ஓலை இன்னும் பச்சையாகவே இருந்தது.